ஒண்டிக்கட்டைக்கு ஒரு ரூம்!

சென்னையில் ஒரு பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையே என்று, அவன் அம்மாவுக்கு அடுத்தபடியாகக் கவலையோடு விசாரிக்கிற ஜீவன் யார் தெரியுமா? ஹவுஸ் ஓனர்!

"தம்பி... ஃபேமிலியா, பேச்சிலரா?"

'பேச்சிலர்' என்று உண்மையைச் சொன்ன அடுத்த விநாடி, பாதி திறந்திருந்த கேட் கால்வாசியாகும். "இப்பதான் தம்பி, காலைல ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்" என்பார். கேட்டில் தொங்குகிற 'டு லெட்' போர்டு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே ஆடும்.

எங்க பக்கம் வேப்பந்தட்டை. பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகிற ரோட்டில் இருக்கிற தாலுகா தலைநகரம். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். பருத்திக்கென்று வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இந்த ஊரில் 'வாடகை' என்று சொன்னால் டிராக்டர் வாடகை, கல்யாணப் பாத்திர வாடகை, பந்தல் வாடகை. வீட்டுக்கு வாடகை என்பது வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியாரும் பேங்க் ஆபீசரும் கொடுக்கிற சமாச்சாரம். சொந்தத் திண்ணை, சொந்த வாசல், வேப்பமரத்தடியில் சொந்தக் கயித்துக் கட்டில் என்று வளர்ந்த பையனுக்கு, படுக்க இடம் கேட்டு இன்னொருத்தர் வாசலில் நிற்க வேண்டியிருக்கும் என்பதே டிகிரி முடிக்கிற வரை தெரியாது.

டிகிரி முடிந்ததும் தெரிந்துவிடுகிறது. பெரம்பலூர் டவுனுக்கு ரயில் கிடையாது. அரியலூர் போக வேண்டும், அல்லது ஆத்தூர். அதனால் எங்க ஆட்களுக்கு நாலு ரோட்டில் நின்று பிடிக்கிற ராத்திரி பஸ்தான் கதி. முன்பு அது கோயம்பேட்டில் கொண்டுபோய் விடும். 2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு, விடிகாலையில் அங்கேயே இறக்கிவிடுகிறார்கள். இறங்கிப் பார்த்தால் சென்னை இன்னும் வரவில்லை. அதற்கு வேறு பஸ்!

இப்போது ரூம் தேடுகிற படலம்.

புரோக்கர்கள் சமீப வருஷங்களில் ஒரு புது வார்த்தை கற்றுக்கொண்டிருக்கிறார்கள். 'ஸ்டூடியோ அபார்ட்மென்ட்'. ஒரு காலத்தில் சென்னையில் ஸ்டூடியோ என்றால் வடபழனிப் பக்கம் போய், கேட் கதவிடுக்கு வழியாக நடிகர்களைப் பார்க்கிற இடம். இப்போது அதற்கு அர்த்தம் வேறு. படுக்கை, சமையல், சாப்பாடு எல்லாம் ஒரே அறைக்குள். ஒட்டினாற்போல ஒரு பாத்ரூம். '1 ஆர்.கே.' என்றும் சொல்வார்கள். பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கம் லிஃப்ட், ஏ.சி., மாடுலர் கிச்சன் எல்லாம் வைத்து நிஜமான ஸ்டூடியோக்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஆரம்ப சம்பளக்காரன் பட்ஜெட்டுக்குள் வருகிற ஸ்டூடியோ பெரும்பாலும் நேற்று வரை கார் ஷெட்டாக இருந்திருக்கும். அல்லது மொட்டை மாடியில் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கட்டிலில் உட்கார்ந்தபடியே தோசையைத் திருப்பலாம். இடது கையை நீட்டினால் பாத்ரூம் கதவு. எழுந்து நிற்கிற அவசியமே இல்லை. நின்றால் ஃபேன் இடிக்கும்.

"காத்து நல்லா வரும் ப்ரோ" என்பார் புரோக்கர். மே மாசம் ரெண்டு மணிக்கு அந்தக் காத்தைப் பருகிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், ஊரில் நெல் அவிக்கிற அண்டாவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று.

இதற்கெல்லாம் முன்னோடி நம்ம திருவல்லிக்கேணி மேன்ஷன்தான். வாலாஜா ரோடு, பாரதி சாலை, அதைச் சுற்றியுள்ள சந்துகளில் வரிசை வரிசையாக. தலைமைச் செயலகம், மவுன்ட் ரோடு ஆபீஸ்கள், பத்திரிகைகள் எல்லாம் எட்டுகிற தூரம். சாயங்காலம் காற்று வாங்க மெரீனா. சாப்பாட்டுக்கு ரத்னா கஃபே சாம்பார் இட்லி, அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ் டோக்கன். ஒரு கட்டில், ஒரு அலமாரி, காரிடார் கடைசியில் பொதுக் குளியலறை. காலை ஏழு மணிக்கு வாளியோடு நிற்கிற க்யூவில் உதவி இயக்குநரும் இருப்பார், அக்கவுன்ட்ஸ் கிளார்க்கும் இருப்பார், சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்கு நாலாவது தடவையாகப் படிக்கிறவரும் இருப்பார். அங்கே யாரும் யாரையும் 'ஏன் இன்னும் கல்யாணம் ஆகலை' என்று கேட்டதில்லை. எல்லோருக்கும் ஒரே பதில்தானே!

மேன்ஷன்காரர்கள் மாத வாடகையோடு ஏதோ கொஞ்சம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார்கள். தனி ரூம் என்று ஆசைப்படும்போதுதான் சென்னையின் ஸ்பெஷல் ஐட்டம் எதிரே வந்து நிற்கிறது. பத்து மாச அட்வான்ஸ்!

எங்க பக்கத்துப் பையன் ஒருத்தன். கிண்டியில் ஒரு கம்பெனியில் பில்லிங் செக்‌ஷன். ரூம் கிடைத்துவிட்டது, மாசம் 8,000. ஊருக்கு ஃபோன் போட்டான்.

"அப்பா, அட்வான்ஸ் எம்பதாயிரம் கேக்கறாங்க. பத்து மாசத்துது."

"சரி, அப்ப பத்து மாசத்துக்கு வாடகை குடுக்க வேணாமில்ல?"

"இல்லப்பா, அதுவும் மாசாமாசம் குடுக்கணும்."

"அப்ப இது எதுக்குடா?"

"அது... ஒரு நம்பிக்கைக்கு."

"எம்பதாயிரம் குடுத்தாத்தான் நம்புவாங்கன்னா, அது என்னடா நம்பிக்கை?"

பொருளாதார மேதைகள் யாரும் இதைவிட நல்ல கேள்வி கேட்டுவிட முடியாது. ஆனாலும் அப்பா பணத்தைப் புரட்டிக் கொடுத்தார். எப்படி என்பதுதான் விஷயம். மத்திய அரசு 2025-26 சீசனுக்கு மக்காச்சோளத்துக்கு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அந்த விலை முழுசாகக் கைக்கு வந்தாலே 80,000 ரூபாய்க்கு 33 குவிண்டாலுக்கு மேல் வேண்டும். எங்க பக்கத்து மானாவாரி நிலம் ஒரு ஏக்கரில் சாதாரணமாக அவ்வளவு கொடுக்காது. அதுவும் விதை, உரம், கூலி எதையும் கழிக்காமல். 2018-ல் படைப்புழு வந்தபோது பெரம்பலூர், அரியலூர் பக்கம் காட்டுக்குக் காடு போனது இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. ஆகவே வெளியில் ரெண்டு வட்டிக்கு வாங்கினார். அதாவது நூற்றுக்கு மாசம் 2 ரூபாய்.

நான் பி.காம். படித்தவன். நல்லது கெட்டது எதைப் பார்த்தாலும் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று கை தன்னால் கோடு போடும். இந்தப் பையனுக்கும் போட்டேன். 80,000-க்கு ரெண்டு வட்டி, மாசம் 1,600. புரோக்கருக்கு ஒரு மாச வாடகை 8,000. காலி பண்ணும்போது பெயின்ட் அடிக்க என்று பிடிக்கப்போகிற இன்னொரு 8,000. இந்த ரெண்டையும் பதினோரு மாசத்துக்குப் பங்கு போட்டால் மாசம் 1,455. ஆக, 8,000 ரூபாய் ரூமின் அசல் வாடகை 11,055. இதில் கரன்ட் சேரவில்லை, தண்ணி சேரவில்லை, 'மெயின்டெனன்ஸ்' என்று சொல்லி மாடிப்படியைப் பெருக்குகிற காசு சேரவில்லை. கடன் வாங்காமல் சொந்த சேமிப்பிலிருந்து கொடுத்தாலும், பேங்க்கில் போட்டிருந்தால் ஏழு சதவிகிதம் வட்டி என்று வைத்துக்கொண்டால்கூட மாசம் 467 போச்சு. ஓனருக்கு அது வட்டியில்லாக் கடன். நமக்கு வட்டியோடு கடன்!

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் வேடிக்கை.

தமிழ்நாட்டில் 1960-லேயே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்படி ஓனர் வாங்கக்கூடிய அட்வான்ஸ் எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு மாச வாடகை! பத்து அல்ல, ஒன்று. கிட்டத்தட்ட அறுபது வருஷம் அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. அந்த அறுபது வருஷத்திலேயேதான் சென்னையில் பத்து மாச அட்வான்ஸ் பழக்கம் கொழு கொழுவென்று வளர்ந்தது. ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 1996-ல் தீர்ப்பும் வந்தது. ஒரு மாசத்துக்கு மேல் வாங்கி வைத்திருக்கிற அட்வான்ஸ் குடித்தனக்காரர் பணம்தான். அது ஓனர் கையில் இருக்கும்போது அவரை வாடகை பாக்கிக்காரர் என்று சொல்லிக் காலி பண்ண வைக்க முடியாது, பாக்கியில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று. தீர்ப்பு டெல்லியில் கிடந்தது. பழக்கம் தி.நகரில் கிடந்தது. ரெண்டும் சந்தித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்புறம் 2017-ல் புதுச் சட்டம் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் வாடகைக்கு விடவே கூடாது. அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து ஒரு எண் வாங்க வேண்டும். அந்த அதிகாரி துணை கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர். வீட்டைக் காலி பண்ணினால் ஒரு மாசத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சண்டை வந்தால் தண்ணி, கரன்ட்டை நிறுத்தக் கூடாது. ஓனர் உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்றால் 24 மணி நேரம் முன்னால் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். (ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு 'சும்மா பைப்பைப் பார்க்க வந்தேன்' என்று கதவைத் தட்டுகிற அங்கிள்களின் கவனத்துக்கு!)

அட்வான்ஸ்? மூணு மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. படித்ததும் கை தட்டத் தோன்றுகிறதல்லவா? இருங்கள். 'ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால்' என்று முன்னால் ஒரு வால் இருக்கிறது. ஒப்பந்தத்தை யார் டைப் அடித்துக்கொண்டு வருகிறார்? ஓனர். அதில் பத்து மாசம் என்று இருக்கும். நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். அந்த வால் வழியாக ஒரு திருவள்ளுவர் பஸ்ஸே போகலாம்!

பழைய சட்டத்தில் ஒரு மாசம் என்று உறுதியாக இருந்ததை மூணாக்கி, அதையும் ஒப்பந்தம் போட்டுத் தாண்டலாம் என்று விட்டதில் குடித்தனக்காரனுக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை. ஒன்று சொல்கிறேன், சமீப காலமாக ஓ.எம்.ஆர். பக்கம் மூணு, நாலு, ஆறு மாசத்துக்கு இறங்கி வருகிற ஓனர்கள் இருக்கிறார்கள். சட்டத்துக்குப் பயந்து அல்ல. பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் மாற்றலாகி வருகிற பையன்கள் "டென் மன்த்ஸா?" என்று பைக்கை ஸ்டார்ட் பண்ணிவிடுவதால்.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் மூணு மாச வாடகைதான் உச்சம். அதற்கு வால் கிடையாது. அதையும் மூணு தவணையாகக் கொடுக்கலாம். அந்தப் பணத்தை ஓனர் தன் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் போட்டு, வட்டியோடு திருப்பித் தர வேண்டும். வட்டியோடு! தென் கொரியாவில் நம்ம ஊர் போக்கியம் மாதிரியே ஒன்று. 'சோன்சே' என்று பெயர். மாச வாடகையே கிடையாது. பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, காலி பண்ணும்போது திரும்ப வாங்கிக்கொள்வது. 2022, 23-ல் ஓனர்கள் கையை விரித்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். சென்னையிலும் 'லீஸுக்கு' என்று போர்டு பார்த்தால் மயங்க வேண்டாம். வீடு ஏற்கெனவே பேங்க் அடமானத்தில் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் காசைத் தொடுங்கள்.

அட்வான்ஸுக்குக் காசு இருந்தாலும் ரூம் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. இன்டர்வியூ இருக்கிறது. ஆபீஸ் இன்டர்வியூவில் அரை மணி நேரம் என்றால் இது முக்கால் மணி நேரம்.

"நான்வெஜ் சாப்பிடுவீங்களா?"

"வெளியில மட்டும்தான் ஆன்ட்டி."

"ஃப்ரெண்ட்ஸ் வருவாங்களா?"

"யாருமே இல்ல ஆன்ட்டி."

"அப்பா பேரு என்ன? ஊர்ல எந்தத் தெரு?"

இந்தக் கடைசிக் கேள்வியில் சிரிக்க ஒன்றுமில்லை. தெருவைக் கேட்பது விலாசத்துக்காக அல்ல என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். பெயரைச் சொன்னதுமே 'இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்தார்' என்று திருப்பி அனுப்பப்பட்ட முஸ்லிம் நண்பர்கள் எனக்கு உண்டு. நல்ல சம்பளம், நல்ல கம்பெனி, பத்து மாச அட்வான்ஸ் பையில் ரெடி. இருந்தும் இல்லை. தண்ணி, கரன்ட், பெயின்ட் எல்லாவற்றையும் நினைவு வைத்திருக்கிற அந்தப் புதுச் சட்டத்தில் இதற்கு ஒரு வரி இல்லை.

பேச்சிலர் மேல் சந்தேகம் எப்போதுமே உண்டு என்றாலும் 2012 பிப்ரவரியில் அது உச்சத்துக்குப் போனது. பேங்க் கொள்ளையில் தேடப்பட்ட ஐந்து பேரை வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதைத் தொடர்ந்து, குடியிருப்பவர்களின் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்று சென்னையில் போலீஸ் உத்தரவு. விவரம் கேட்பதில் தப்பில்லை; கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் 'எதுக்கு வம்பு' என்று வெளியூர்ப் பையன்களுக்கே வீடு இல்லை என்று சொன்னவர்கள்தான் நிறையப் பேர். டை கட்டிக்கொண்டு, லஞ்ச் பாக்ஸோடு நின்றாலும் ஏற இறங்கப் பார்த்தார்கள்.

இன்டர்வியூவில் பாஸா? இப்போது நீங்கள் கேள்வி கேட்கிற முறை. முதல் கேள்வி தண்ணி. 2019 ஜூனில் சென்னை ஏரிகள் வறண்டபோது ஓ.எம்.ஆர். கம்பெனிகள் ஊழியர்களை 'வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்' என்று சொன்னது ஞாபகம் இருக்கும். வீட்டில் மட்டும் தண்ணி இருந்ததா என்ன? போர் தண்ணியா, மெட்ரோ வாட்டரா, லாரியா, லாரி என்றால் காசு யாருடையது என்று கேட்டுவிடுங்கள். அடுத்தது அதற்கு நேர் எதிர். தரைத் தள ரூம் அநியாயத்துக்கு மலிவாக வந்தால் சுவரைப் பாருங்கள். இடுப்பு உயரத்தில் ஒரு கோடு தெரிந்தால் அது டிசைன் அல்ல. 2015 டிசம்பரோ, 2023 மிக்ஜாம் புயலோ போட்டுவிட்டுப் போன கையெழுத்து. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் எதிர் பெட்டிக்கடைக்காரரிடம் ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டே விசாரித்தால், எந்த வருஷம் எத்தனை படி மூழ்கியது என்று சொல்லிவிடுவார். புரோக்கர் சொல்ல மாட்டார்.

கரன்ட் ஒரு தனி புராணம். தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் நாலு ரூமுக்கு ஒரே இணைப்பு, ரூமுக்கு ஒரு சப்-மீட்டர், 'யூனிட் எட்டு ரூபா' என்று ஓனர் ஒரே ரேட்டாக வசூலித்தால் அந்த இலவசம் அவரோடு நின்றுவிடும். ஓனர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நாலு ரூம் யூனிட்டும் ஒரே மீட்டரில் ஏறும்போது மேல் ஸ்லாபுக்குப் போய் அவருக்கும் ரேட் கூடும். அதனால் சண்டை போடாமல், 'அட்டையைக் காட்டுங்க அங்கிள், பங்கு போட்டுக்குவோம்' என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் வேலை செய்யும். சாவி வாங்குகிற அன்றைக்கே மீட்டர் ரீடிங்கை ஃபோட்டோ எடுப்பது எல்லா இடத்திலும் வேலை செய்யும்.

வாடகையை பேங்க் வழியாகவே கொடுங்கள். "கேஷா குடுத்துடுங்க தம்பி, ரசீதெல்லாம் எதுக்கு" என்பார்கள். பழைய வரித் திட்டத்தில் ஹெச்.ஆர்.ஏ. கழிவு கேட்பவர்கள், வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனருடைய பான் நம்பர் தர வேண்டும். அதைக் கேட்டதும் ஓனர் முகம் போகிற போக்கு இருக்கிறதே! மாசம் 8,300 என்று சில வாடகைகள் நின்றுபோவதன் ரகசியம் அதுதான். பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள், லட்சத்துக்கு நூலிழை கீழே.

இனி பெயின்ட். சென்னையில் நீங்கள் ரூமில் ஒரு வருஷம் இருந்தாலும் சரி, நாலு வருஷம் இருந்தாலும் சரி, காலி பண்ணும்போது ஒரு மாச வாடகை பெயின்ட்டுக்குப் போகும். புதுச் சட்டத்தின் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட்டும் ஓனர் பொறுப்பு, ஒப்பந்தத்தில் மாற்றி எழுதாத வரைக்கும். குழாய் வாஷர் மாற்றுவதெல்லாம் நம் பொறுப்பு. நான் மேற்கு மாம்பலத்தில் இருந்த ஒரு ரூமுக்கும் பெயின்ட் காசைப் பிடித்தார்கள். விட்டுப்போன ஒரு கொரியரை வாங்க நாலு நாள் கழித்துப் போனேன். புதுப் பையன் கதவைத் திறந்தான். உள்ளே சுவரில் என் காலண்டர் மாட்டியிருந்த சதுரம் பளிச்சென்று அப்படியே இருந்தது. அதே ஆணியில் அவன் காலண்டர். அவனிடமும் பின்னால் பெயின்ட் காசு பிடித்திருப்பார்கள். அந்தச் சுவர் இதுவரை எத்தனை கோட்டிங் வாங்கியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால், ரூம் இந்நேரம் பெயின்ட்டாலேயே அடைந்து போயிருக்கும்.

மீதி அட்வான்ஸை வாங்குவது கடைசிக் கண்டம். "அடுத்த ஆள் வரட்டும் தம்பி, அவர் குடுக்கிறதை வாங்கி அப்படியே உங்களுக்குத் தந்துடறேன்" என்பது நிலையான பதில். ஆக, உங்கள் பணம் என்றைக்கோ அவர் பெண் கல்யாணத்திலோ மூணாவது மாடியிலோ போய்விட்டது. அடுத்து வருகிற பையனின் அப்பா ஊரில் வட்டிக்கு வாங்குகிற பணம்தான் உங்களுக்கு வரப்போகிறது. உங்களுக்கு முன்னால் இருந்தவனுக்கு உங்கள் அப்பா பணம் போன மாதிரி. ஒரு மாசக் கெடு என்று சட்டத்தைச் சொல்லி, எழுத்து மூலம் கேட்டு, பதிவு எண்ணையும் குறிப்பிட்டால் கொஞ்சம் சீக்கிரம் அசையும். ஒப்பந்தத்தைப் பதிவே செய்யாமல் வெறும் பத்திரத் தாளில் பதினோரு மாசம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்த எண்ணுக்கு எங்கே போவது? ஆரம்பத்திலேயே கேட்டு வாங்கி வைத்தால்தான் உண்டு.

கிண்டிப் பையன் ஆபீஸை சிறுசேரிக்கு மாற்றிவிட்டார்கள். ரூமைக் காலி பண்ணினான். மூணு மாசம் நடையாக நடந்து, பெயின்ட் போக 72,000 வாங்கிவிட்டான். நாவலூரில் புது ரூம் பார்த்தான். 85,000 அட்வான்ஸ் கேட்டார்கள். குறைக்கிற 13,000-க்காக அன்று ராத்திரியே வேப்பந்தட்டைக்கு ஃபோன் போட்டான்.

"இந்தத் தடவையும் நம்பிக்கைக்குத்தானாடா?" என்றார் அப்பா.